சிகரத்துக்குச் சூட்டிய பெயர்

பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு மனக்குறை. பழைய வேலமரக் காடு என்று பொருள் சொல்லும் அருமையான பெயர் அது. 1613-ல் அங்கே கோட்டை எழுப்பிய டச்சுக்காரர்களும், பின்னால் வந்த இங்கிலீஷ்காரர்களும் அதைப் 'புலிக்காட்' ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் ஒரு சமாதானம்: சிதைந்தாலும் அது நம் பெயர்தான். உலகிலேயே உயர்ந்த சிகரத்துக்கு அந்தச் சமாதானங்கூடக் கிடைக்கவில்லை.

திபெத்துக்கும் நேபாளத்துக்கும் எல்லையாக நிற்கும் அந்தச் சிகரத்தின் பெயர்க் கதை, நமது பரங்கிமலைப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி அங்கே சங்கிலி பிடித்துச் சுமார் ஏழரை மைல் தரையை அளந்தார். அந்த அளவை ஆதாரமாக வைத்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்தார்கள். 1823-ல் லாம்டன் இறந்ததும் பொறுப்பு ஜார்ஜ் எவரெஸ்டிடம் வந்தது. அவர் 1843-ல் ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ஆண்ட்ரூ வா காலத்தில்தான், 'பதினைந்தாம் சிகரம்' என்று குறித்திருந்த மலையே எல்லாவற்றிலும் உயர்ந்தது, 29,002 அடி என்று தெரிந்தது. அந்தக் கணக்கில் பெரும் பங்கு ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக்கு உண்டு.

உள்ளூர்ப் பெயர் எதுவும் அகப்படவில்லை என்று சொல்லி, 1856-ல் வா தம் பழைய மேலதிகாரியின் பெயரைச் சூட்டினார். திபெத்தியர் வழங்கிய 'சோமோலுங்மா' என்ற பெயரோ, சீனச் சக்கரவர்த்தி செய்வித்த சர்வே மூலம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு தேசப்படத்தில் ஏறியிருந்தது!

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆட்சேபித்தவர் எவரெஸ்டேதான். தம் பெயரை ஹிந்தியிலோ பாரசீகத்திலோ எழுத முடியாது, அந்நாட்டு மக்கள் வாயில் அது நுழையாது என்று 1857-ல் சொன்னார். யார் கேட்டார்கள்? 1865-ல் லண்டன் பூகோள சங்கம் அந்தப் பெயரையே உறுதி செய்தது. அதிலும் பாருங்கள், அவர் குடும்பத்தார் தங்கள் பெயரை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் உச்சரித்தார்கள். மலைக்குச் சொந்தப் பெயர் போயிற்று. மனிதருக்குச் சொந்த உச்சரிப்பும் போயிற்று.

ஆனால் தேசப்படம் வேறு, ஜனங்களின் நாக்கு வேறு. சீனர்கள் இன்றும் திபெத்தியப் பெயரை ஒட்டியே அந்த மலையை அழைக்கிறார்கள். பொன்னேரி பஸ்ஸில் கண்டக்டரிடம் 'புலிக்காட் ஒன்று' என்று டிக்கெட் கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை.