சுடுகலன் விளம்பரமும் சந்தையின் பொறுப்பும்: ஐக்கிய அமெரிக்கச் சட்ட வரலாற்றில் ஒரு நோக்கு

பொருளை விற்றவன், அதனை வாங்கித் தீங்கு புரிந்தவன் ஆகிய இருவருக்கும் அப்பால், அவ்விருவரையும் சந்திக்க வைத்தவனுக்கும் அத்தீங்கிற் பங்குண்டா என்னும் வினா சட்டத்துறையிற் பழையதொன்றாகும். இணையச் சந்தையின் தோற்றத்தோடு அவ்வினா ஐக்கிய அமெரிக்காவிற் புதிய கூர்மை பெற்றது. அச்சந்தைவழிக் கைமாறிய சுடுகலன்களாற் கொல்லப்பட்டோரின் உறவினர் சிலர் சந்தை நடத்தியோருக்கெதிராக வழக்குத் தொடுத்தனர். ஆயின் முக்கிய வழக்குகளில் அவர்களுக்கு வெற்றி கிட்டவில்லை. இம்முடிவு எவ்வாறு நேர்ந்தது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வெவ்வேறு தேவைகளுக்காக எழுந்த இரு சட்டங்கள் எதிர்பாராத வகையில் ஒன்றோடொன்று பொருந்தியமையே இதற்குத் தலையாய காரணம் என்பது எமது துணிபு.

முதலிற் சுடுகலன் பற்றிய சட்டத்தை நோக்குவோம். 1963 ஆம் ஆண்டு ஜனாதிபதி கென்னடியைக் கொல்லப் பயன்பட்ட துப்பாக்கியை, ஒஸ்வால்ட் சஞ்சிகையொன்றில் வெளிவந்த விளம்பரத்தைக் கண்டு, பொய்ப்பெயரில், சிக்காகோவிலிருந்த கடையொன்றிலிருந்து தபால்மூலம் பெற்றான். தொலைநோக்கியுடன் கூடிய அத்துப்பாக்கிக்கு அவன் செலுத்திய தொகை, தபாற்செலவு உட்பட, 21.45 டொலர் மாத்திரமே. வாங்குபவனின் முகத்தை விற்பவன் காணாத வணிகத்தின் ஆபத்தை நாடு அன்று உணர்ந்தது. எனினும் மார்ட்டின் லூதர் கிங், ரொபர்ட் கென்னடி ஆகியோரும் கொலையுண்ட பின்னரே, 1968 ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மாநில எல்லை கடந்து தனியாளுக்குத் தபால்மூலம் சுடுகலன் விற்பதை அது தடைசெய்தது. 1993 ஆம் ஆண்டுப் பிரேடிச் சட்டம், வாங்குபவனின் பின்னணியைச் சோதிக்கும் கடமையை உரிமம் பெற்ற வணிகர்மீது சுமத்தியது. ஆயின், வணிகத்தைத் தொழிலாகக் கொள்ளாது தன் சுடுகலனை விற்கும் தனியாள்மீது அக்கடமையை அது சுமத்தவில்லை. சில மாநிலங்கள் தத்தம் சட்டங்களால் இக்குறையை நிரப்பின. வேறு பல நிரப்பவில்லை. இவ்விடைவெளியை நாம் மனத்திருத்தல் வேண்டும்.

இனிப் பேச்சுரிமை பற்றிய சட்டத்தைக் காண்போம். நூலில் உள்ளதை அறியாத புத்தக வணிகனைத் தண்டித்தலாகாது என ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1959 இல் தீர்த்தது. இக்கோட்பாட்டையொட்டி, 1991 இல் நியூயோர்க்கிலுள்ள சமஷ்டி நீதிமன்றம் கம்பியூசேர்வ் நிறுவனத்தை நூல்நிலையத்துக்கு ஒப்பிட்டு விடுவித்தது. ஆயின் 1995 இல் அதே மாநில நீதிமன்றமொன்று, பிறர் எழுதியவற்றைச் சீர்ப்படுத்த முயன்ற புரொடிஜி நிறுவனத்தை வெளியீட்டாளனாகக் கொண்டு பொறுப்பாக்கியது. கண்மூடியிருந்தவன் தப்பினான், கண்காணித்தவன் அகப்பட்டான். இம்முரண்பாட்டை நீக்கவே கொக்ஸ், வைடன் என்னும் இரு காங்கிரஸ் உறுப்பினர் முன்மொழிந்த விதி, 1996 ஆம் ஆண்டுத் தொடர்பாடல் ஒழுக்கச் சட்டத்தின் 230 ஆம் பிரிவாயிற்று. பிறர் வழங்கிய தகவலுக்கு இணைய சேவையாளனை வெளியீட்டாளனாகவோ பேசியவனாகவோ கொள்ளலாகாது என்பது அதன் சாரம். 1997 இல், அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்துக்கெதிரான வழக்கில், தீங்கு பற்றி முறைப்பாடு கிடைத்த பின்னரும் இப்பாதுகாப்பு நிலைக்கும் என மேன்முறையீட்டு நீதிமன்றம் கொண்டது. அறிந்தானா என்ற பழைய வினா இத்துடன் வலுவிழந்தது.

அச்சு ஊடகத்தின் நிலை இவ்வாறிருக்கவில்லை. கூலிக்கு ஆயுதமேந்தத் தயார் என ஒருவன் கொடுத்த விளம்பரத்தை வெளியிட்ட 'சோல்ஜர் ஒவ் போர்ச்சூன்' சஞ்சிகை, அதன்வழி நிகழ்ந்த கொலைக்கு நட்டஈடு செலுத்த வேண்டுமென 1992 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று உறுதிசெய்தது. ஆனால் அதே சஞ்சிகை மீதான வேறொரு வழக்கில், விளம்பரத்தின் சொற்கள் தெளிவற்றவை என்பதனால், 1989 இல் அது விடுவிக்கப்பட்டிருந்தது. விளம்பரத்தின் முகத்திலேயே ஆபத்துத் தெளிவாகத் தெரிந்ததா என்பதே இங்கு உரைகல்லாயிற்று.

இவ்விரு சட்டங்களும் எதிர்ப்பட்ட களம் விஸ்கொன்சின் மாநிலமாகும். 2012 ஒக்டோபர் 18 ஆந் திகதி, கணவனின் கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தி நீதிமன்றத்திலே தடைக்கட்டளை பெற்றாள். அக்கட்டளையால் அவன் சுடுகலன் வைத்திருக்கும் தகுதியை இழந்தான். உரிமம் பெற்ற கடைக்குச் சென்றிருப்பின் பின்னணிச் சோதனையை அவன் எதிர்கொள்ள நேர்ந்திருக்கும். அவனோ ஆர்ம்ஸ்லிஸ்ட் என்னும் இணையத்தளத்திலே தனியாள் ஒருவரைக் கண்டறிந்து, 20 ஆந் திகதி வாகனத் தரிப்பிடமொன்றில் 500 டொலருக்குக் கைத்துப்பாக்கி வாங்கினான். மறுநாள் மனைவி பணிபுரிந்த நிலையத்திற் புகுந்து அவளையும் வேறு இரு பெண்களையும் கொன்று, நால்வரைக் காயப்படுத்தித் தானும் மாண்டான். நீதிமன்றம் அளித்த காப்பு மூன்று நாளே நிலைத்தது.

மகள் தொடுத்த வழக்கின் வாதம் கூர்ந்து நோக்கற்பாலது. விளம்பரத்தின் வாசகத்தை அவர் குறைகூறவில்லை. சந்தையின் அமைப்பையே குறைகூறினார். தனியாள் விற்பனையாளரை மட்டும் தேடிக்கொள்ளும் வசதி, பதிவின்றியே பயன்படுத்தும் வசதி ஆகியன சோதனையைத் தவிர்க்க விழைவோருக்கு வழிசமைத்தன என்பது அவர் வாதம். ஆரம்ப நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2018 இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம், தளத்தின் அமைப்பு அதன் சொந்தச் செயலே எனக் கூறி வழக்கை மீட்டது. 2019 ஏப்ரலில் மாநில உயர் நீதிமன்றம் ஐவருக்கு ஒருவர் என்ற கணக்கில் அதனை மாற்றியது. நல்லதற்கும் தீயதற்கும் பயன்படும் நடுநிலைக் கருவிகளே இவை என்றும், வழக்கு ஈற்றிற் பிறர் தகவலை வெளியிட்டமை பற்றியதே என்றும் பிரதம நீதியரசர் ரோகென்சாக் எழுதினார். தளத்தின் சொந்த நடத்தையே வழக்கின் பொருள் என மாறுபட்டார் நீதியரசர் ஆன் வோல்ஷ் பிராட்லி. அதே ஆண்டு நவம்பரில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டை ஏற்க மறுத்தது.

230 ஆம் பிரிவு ஒன்றே தடை எனக் கொள்வதும் பொருந்தாது. கனடாவில் வசித்த ஒருவன் இதே தளத்தின் வழியாக, சட்டத்துக்கு மாறாக வாங்கிய துப்பாக்கியால் 2011 இல் ஒரு பெண்ணைக் கொன்றான். அவ்வழக்கை 2014 இல் தள்ளிய சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் 230 ஆம் பிரிவைச் சாரவில்லை. மூன்றாம் ஆளின் குற்றத்தைத் தடுக்கும் கடமை இத்தகைய தளத்துக்குப் பொதுச் சட்டத்தின்படி இல்லை என்பதே அதன் காரணம். கூலிக் கொலையைக் குறிக்கும் விளம்பரம் தன்னிலேயே குற்றத்தைக் காட்டும். துப்பாக்கி விளம்பரமோ சட்டபூர்வமான பண்டத்தையே காட்டும். ஆதலால் 1992 ஆம் ஆண்டின் உரைகல்லும் இங்கு எளிதிற் பொருந்தாது.

எனினும் இது மாற்றவொண்ணாத நிலையன்று. ஈபே நிறுவனம் 1999 இலேயே சுடுகலன் விற்பனையைத் தானாக விலக்கியது. தனியாள் விற்பனையைப் பேஸ்புக் 2016 இல் விலக்கியது. சந்தையின் அமைப்பு இயற்கையானதன்று, தெரிந்தெடுக்கப்படுவது என்பதற்கு இவை சான்று. பாலியல் நோக்கிலான ஆட்கடத்தல் தொடர்பாக 230 ஆம் பிரிவைக் காங்கிரஸ் 2018 இல் திருத்தியமை, அக்காப்பு சட்டவாக்கத்தாற் குறைக்கத்தக்கது என்பதையும் நிறுவியது.

தொகுத்து நோக்குமிடத்து, 1993 ஆம் ஆண்டுச் சட்டம் தனியாள் விற்பனையைத் தொடாது விட்டது. 1996 ஆம் ஆண்டுச் சட்டம் பிறர் சொல்லை ஏந்துவோனைக் காத்தது. முன்னது சந்தையையும் பின்னது துப்பாக்கியையும் கருதி எழுந்ததன்று. இரண்டும் கூடிய இடத்தில் ஒருவர்க்கும் பொறுப்பில்லாத வெளியொன்று தோன்றிற்று. முகமறியா வணிகத்தின் ஆபத்தை 1968 இல் உணர்ந்த நாடு, அதே வணிகம் வேறு வடிவில் மீண்டபோது அதனைப் பேச்சாகவே கண்டது. தடைக்கட்டளையை நம்பிய பெண்ணுக்கு அவ்வேறுபாடு பயனளிக்கவில்லை என்பதை வரலாறு பதிந்துள்ளது.