பனிமலை எல்லையும் டிராம்பே உலையும்

செம்பூரில் குடியேறி வாழும் நம்மவர்க்கு டிராம்பே குன்று அன்றாடக் காட்சி. குன்றின் மறுபுறம், கடலோரமாக, பாபா அணு ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கிறது. அங்கே பணிபுரிந்தோரிலும் பணிபுரிவோரிலும் தமிழர் பலர். ஆயினும், ஆயிரம் மைலுக்கு அப்பால் இமயத்தின் உச்சியில் எழுந்த ஓர் எல்லைத் தகராறு இந்நிலையத்தின் போக்கையே மாற்றியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

அத்தகராறின் வேர் யாது? 1914-ல் சிம்லாவில் பிரிட்டிஷ் இந்தியாவும் திபெத்தும் கிழக்கு இமயத்தில் ஓர் எல்லையை ஒப்புக்கொண்டன. மக்மகான் கோடு எனப்படும் அதனைச் சீனா ஏற்கவில்லை. மேற்கே, லடாக்கை அடுத்த அக்ஸாய் சின் என்னும் வெற்று மேட்டுநிலத்தில், இரு தரப்பும் ஒப்பிய கோடு எதுவுமே இல்லை. சின்கியாங்கையும் திபெத்தையும் இணைக்க அம்மேட்டின் வழியே சீனா 1957-ல் ஒரு சாலையை அமைத்து முடித்தது. 1959-ல் லோங்ஜுவிலும் கொங்கா கணவாயிலும் இரத்தம் சிந்தியது. 1962 அக்டோபர் 20-ஆம் நாள் சீனப் படைகள் இரு முனைகளிலும் தாக்கின. நவம்பர் 21-ஆம் நாள் தாமாகவே போரை நிறுத்தின. போர் ஒரு மாதத்தில் முடிந்தது. எல்லைப் பிரச்சினை முடியவில்லை.

இனி டிராம்பேக்கு வருவோம். அங்கே 1956-ல் அப்ஸரா உலையும், கனடாவின் உதவியோடு 1960-ல் சைரஸ் உலையும் இயங்கத் தொடங்கின. ஆக்க வேலைகளுக்கென்றே அவை அமைக்கப்பட்டன. ஆனால் உலையில் எரிந்த யுரேனியத்திலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுக்கலாம். புளூட்டோனியமோ மின்சாரத்துக்கும் உதவும், குண்டுக்கும் உதவும். அதைப் பிரிக்கும் ஆலையும் 1964-ல் டிராம்பேயில் தயாராயிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் லோப்நோர் பாலையில் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. எட்டு நாட்களுக்குப் பின் டாக்டர் ஹோமி பாபா அகில இந்திய வானொலியில் பேசினார். உலகம் முழுவதும் அணு ஆயுதங்களைக் கைவிட வேண்டும் என்றார். அதே பேச்சில், குண்டு செய்ய ஆகும் செலவு மிகப் பெரிதன்று என்பதையும் கணக்கிட்டுச் சொன்னார். குண்டு செய்யும் கோரிக்கையைப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி ஏற்கவில்லை. எனினும் ஆக்கப் பணிகளுக்கான நிலத்தடி வெடிப்பைப் பற்றி ஆராய இசைந்தார். 1974 மே 18-ஆம் நாள் போக்ரானில் நிகழ்ந்த வெடிப்புக்குச் சைரஸ் உலையின் புளூட்டோனியமே பயன்பட்டது. அதில் பங்கு கொண்டவருள் ஒருவர் சென்னையில் பிறந்த டாக்டர் ஆர். சிதம்பரம். 1998 மே மாதச் சோதனைகளின்போது அணுசக்திக் கமிஷனின் தலைவராயிருந்தவரும் அவரே.

அச்சம் அண்டை வீடு தாவும் நெருப்பைப் போன்றது. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் அஞ்சிச் சீனா குண்டு செய்தது; சீனாவை எண்ணி இந்தியா முனைந்தது; இந்தியாவுக்கு ஈடுகட்டப் பாகிஸ்தான் 1998 மே 28-ஆம் நாள் தன் குண்டுகளை வெடித்தது.

இத்தனை வலிமை எல்லைக்கு அமைதி தந்ததா? பெரும்போர் மீண்டும் மூளவில்லை என்பது உண்மை. அதற்கு அணு ஆயுத அச்சமும் ஒரு காரணம் எனக் கருதுவோர் உண்டு. ஆயினும் 2020 ஜூன் 15-ஆம் நாள் இரவு கல்வான் பள்ளத்தாக்கில் நடந்ததை நாம் மறத்தல் ஆகாது. கட்டுப்பாட்டுக் கோட்டருகே துப்பாக்கிப் பிரயோகத்தை விலக்கிய 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கை அன்றும் நடைமுறையில் இருந்தது. அணுகுண்டு படைத்த இரு தேசங்களின் வீரர்கள் தடியாலும் கல்லாலும் மோதி மடிந்தனர். நம் தரப்பில் இருபதின்மர் உயிர் நீத்தனர். இராமநாதபுரம் மாவட்டத்துத் தமிழர் ஒருவரும் அவருள் அடங்குவர். தம் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா பின்னர் ஒப்புக்கொண்டது.

2024 அக்டோபரில் தெப்சாங், தெம்சோக் பகுதிகளில் ரோந்து செல்வது குறித்து உடன்பாடு ஏற்பட்டது. அது நற்செய்தியே. எனினும் இரு நாடுகளும் ஒப்பிய எல்லைக்கோடு இன்னும் வரையப்படவில்லை. டிராம்பேயின் அறிவாற்றல் நம் தேசத்துக்குக் காவல் தேடித் தந்தது. அதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் கோட்டை வரைவது உலையின் வேலை அன்று. இரு சர்க்கார்களும் நிலப்படத்தை நடுவே விரித்து, பொறுமையோடு பேசி முடிக்கவேண்டிய வேலை அது. அது முடியும்வரை, அந்தப் பனிமேட்டில் காவல் நிற்கும் இளைஞனின் உயிருக்கு எந்தக் குண்டும் முழுக்காப்பு ஆகாது.