கப்ஹெட்: ஆட்டக்காரர்களின் கருத்துகள்

கப்ஹெட் 2017 செப்டம்பர் 29 அன்று விண்டோஸ் கணினிக்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கும் வெளிவந்த ஒரு சண்டை வீடியோ கேம். கனடாவின் ஸ்டுடியோ எம்டிஎச்ஆர் இதை உருவாக்கியது. ஓடித் தாண்டிச் சுடும் பழைய வகை ஆட்டம்தான் என்றாலும், பெரும்பகுதி பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளுடனான சண்டைகளாலேயே ஆனது. ஒரு பாஸை வீழ்த்தினால் அடுத்த பாஸ் காத்திருக்கும். 1930களின் அமெரிக்கக் கார்ட்டூன் போன்ற தோற்றமும், பலரைப் பாதி வழியில் நிறுத்திய கடினமும் இதன் பெயரோடு ஒட்டிக்கொண்டவை. வெளியான இரண்டு வாரத்தில் 10 லட்சம் பிரதிகளும், அந்த ஆண்டு முடிவதற்குள் 20 லட்சம் பிரதிகளும் விற்றன.

இதைப் பற்றிப் பேசும் ஆட்டக்காரர்களை இரண்டு கூட்டமாகப் பார்த்தால்தான் அவர்கள் சொல்வது பிடிபடும். படத்தைப் பார்க்க வந்தவர்கள் ஒரு கூட்டம், சண்டை போட வந்தவர்கள் மற்றொன்று. விளம்பரம் இரு கூட்டத்தையும் ஒரே கதவு வழியாக உள்ளே அழைத்தது. உள்ளே வந்தபின் ஒரு கூட்டத்துக்குக் கிடைத்தது கொண்டாட்டம், மற்றொன்றுக்கு மூடிய அறை. ஆட்டத்தின் மீது எழுந்த பெரும்பாலான வாதங்களுக்கு வேர் இதில்தான் இருக்கிறது.

உருவான விதம்

சாட் மோல்டன்ஹாவர், ஜாரெட் மோல்டன்ஹாவர் என்ற சகோதரர்கள் கனடாவின் ரெஜைனா நகரில் வளர்ந்தவர்கள். கான்ட்ரா, மெகா மேன், கன்ஸ்டார் ஹீரோஸ் போன்ற ஆட்டங்கள் அவர்களுக்குப் பால்யத்திலேயே பழக்கம். பிளைஷர் ஸ்டுடியோவின் பழைய கார்ட்டூன்களும் அப்படித்தான். இந்த இரண்டையும் கலந்ததே கப்ஹெட். 2014இல் லாஸ் ஏஞ்சல்ஸின் இ3 கண்காட்சியில் சில நொடிகள் மட்டும் தெரிந்தது. 2015இல் கிடைத்த வரவேற்பைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த வேலையை விட்டு வீட்டையும் மறு அடமானம் வைத்து ஆட்டத்தைப் பெரிதாக்கினார்கள். முதலில் பாஸ் சண்டைகள் மட்டும் என்றிருந்ததில் ஓடிச் சுடும் லெவல்கள் சேர்ந்தது அதன் பிறகுதான்.

பாத்திரங்கள் ஒவ்வொரு சட்டமாகக் காகிதத்தில் பென்சிலால் வரையப்பட்டு மையிடப்பட்டன. நிறம் மட்டும் கணினியில் ஏற்றப்பட்டது. பின்னணிகள் நீர்வண்ண ஓவியங்கள். பாத்திரங்களின் அசைவு பழைய படங்களைப்போல நொடிக்கு 24 சட்டம், ஆனால் ஆட்டம் ஓடுவது நொடிக்கு 60 சட்டத்தில். அதனால்தான் கண்ணுக்குப் பழைய படமாகத் தெரிவது கைக்குத் தாமதமாகத் தெரிவதில்லை. கிறிஸ்டோஃபர் மாடிகன் இசையமைத்த பெரிய ஜாஸ் குழுவின் பாடல்களை, ஆட்டத்தைத் தொடவே விரும்பாதவர்கள்கூடத் தனியாகக் கேட்கிறார்கள். 2018இல் இசைக்கான பாஃப்டா விருது இதற்குக் கிடைத்தது.

கதை சிறியது. நாயகர்களான கப்ஹெட்டும் மக்மேனும் சாத்தானின் சூதாட்ட விடுதியில் தோற்றுப்போகிறார்கள். தப்பித்துக்கொள்ள, சாத்தானுக்குக் கடன்பட்டு ஓடிப்போனவர்களின் ஆன்மா ஒப்பந்தங்களை வசூலித்துத் தர வேண்டும். அந்தக் கடன்காரர்கள்தான் பாஸ்கள்.

கடினம் எங்கே இருக்கிறது

மூன்று அடி வாங்கினால் ஆள் காலி. சண்டை நடுவில் மருந்து கிடையாது. பாஸுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் பட்டையும் திரையில் கிடையாது. ஒவ்வொரு பாஸும் இரண்டு மூன்று உருவம் மாறும், உருவம் மாறும்போது ஆட்டத்தின் விதியே மாறிப்போகும். இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் பொருள்களைக் காற்றில் இருக்கும்போதே மறுபடி தாவல் பொத்தானை அழுத்தித் தட்டிவிடலாம். ஆட்டக்காரர்கள் பேரி என்று சொல்வது இதைத்தான். அப்படித் தட்டினால் சிறப்புத் தாக்குதலுக்கான சீட்டு சேரும், நேரம் தவறினால் அடி விழும்.

எண்ணிக்கையில் பார்த்தால் இது கொடூரமான ஆட்டம் அல்ல. நன்றாக ஆடினால் ஒரு சண்டை சுமார் இரண்டு நிமிடத்தில் முடியும். செத்த உடனே மறுபடி ஆரம்பிக்கலாம், திரும்ப நடந்து வர வேண்டிய தூரம் கிடையாது. தோற்றதும் ஒரு அட்டை வரும். அதில் அந்த பாஸ் கிண்டலாக ஒரு வரி பேசும், கீழே ஒரு கோட்டில் கொடியை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருந்தோம் என்று காட்டும். இந்தக் கோடுதான் ஆட்டத்தின் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி என்பது என் கருத்து. கொடிக்கு ஒரு விரலளவு முன்னால் செத்தவர் பொத்தானிலிருந்து கையை எடுப்பதே இல்லை.

ஆதரவாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் சொல் நியாயம். எந்தத் தாக்குதலும் முன்னறிவிப்பு இல்லாமல் வராது: காரட் கண்ணை இடுக்கும், தவளை வாயைத் திறக்கும், பூ முகத்தைச் சுளிக்கும். கார்ட்டூன் பாணியின் மிகைப்படுத்தல் இங்கே அலங்காரம் மட்டும் அல்ல, எச்சரிக்கை. அதைப் படிக்கக் கற்றவர்களுக்கு ஆட்டம் நடனம்போல ஆகிவிடுகிறது என்று சண்டைக் கூட்டத்தார் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் நியாயம் எல்லா பாஸுக்கும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பாஸ்கள் தங்கள் தாக்குதல்களை ஒரே வரிசையில் வீசுவதில்லை, சிலவற்றைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தேர்ந்தெடுக்கின்றன. இரண்டு தாக்குதல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து தப்பிக்க இடமே இல்லாமல் போன கதை பலரிடமும் உண்டு. மூன்று தலை முளைக்கும் டிராகனான கிரிம் மேட்ச்ஸ்டிக்கின் சண்டையில் காலுக்குக் கீழே நகரும் மேகங்கள்தான் தரை. அங்கே எதிரியைவிட மேகம்தான் அதிகம் கொன்றது என்று புகார் சொல்பவர்கள் ஏராளம். ஆட்டத்தின் மூன்று தீவுகளில் முதலாவதிலேயே வரும் காக்னி கார்னேஷன் என்ற பூ, புதியவர்களை முதன்முதலில் நிறுத்தும் சுவர். டாக்டர் காலின் ரோபோ விமானத்தில் இருந்து போட வேண்டிய சண்டை. கடைசி உருவத்தில் திரை முழுக்கக் குண்டுகள் நிரம்பும். எது மிகக் கடினமான பாஸ் என்ற பேச்சு எழுந்தால் இந்தப் பெயர் வராமல் இருக்காது. சாத்தானின் விடுதி மேலாளனான கிங் டைஸின் சூதாட்டப் பலகையை வெறுப்பவர்களும் விரும்புபவர்களும் உண்டு. ஒன்பது சிறு பாஸ்களில் யாரைச் சந்திப்பது என்பதைப் பகடை தீர்மானிக்கும். பகடையையும் பேரி செய்துதான் நிறுத்த வேண்டும் என்பதால் கைத்திறன் உள்ளவர் அதிர்ஷ்டத்தையும் கட்டுப்படுத்தலாம். பலர் அதைக் கண்டுபிடிப்பது வெகு தாமதமாகத்தான்.

சிம்பிள் என்ற பூட்டு

கப்ஹெட்டைப் பற்றிய மிகக் காரமான விவாதம் சிம்பிள் நிலையைப் பற்றியது. ஒவ்வொரு பாஸின் வாசலிலும் சிம்பிள், ரெகுலர் என்று இரண்டு நிலை இருக்கும். சிம்பிளில் குண்டுகள் குறையும், சில பாஸ்களின் கடைசி உருவம் வரவே வராது. ஆனால் சிம்பிளில் ஜெயித்தால் ஆன்மா ஒப்பந்தம் கிடைக்காது. ஒப்பந்தங்கள் எல்லாம் இல்லாமல் கிங் டைஸ் வழிவிட மாட்டான். அவனுக்கும் சாத்தானுக்கும் சிம்பிள் நிலை கிடையவே கிடையாது. அதாவது எளிய வழியில் மூன்று தீவையும் சுற்றி வந்தவர் முடிவைப் பார்க்க முடியாமல் திருப்பி அனுப்பப்படுவார்.

இது பயிற்சிக்கான நிலைதான், ஆட்டம் அப்படித்தான் வகுக்கப்பட்டது என்பது ஆதரிப்பவர்களின் பதில். கஷ்டப்பட்டு வென்ற சுகத்தைத் தள்ளுபடி விலையில் கொடுக்க முடியாது என்றும் சொல்வார்கள். மறுதரப்பு கேட்பது வேறு: பணம் கொடுத்து வாங்கிய படத்தின் கடைசிச் சுருளை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்? கை நடுக்கம் உள்ளவர்கள், வயதானவர்கள், கார்ட்டூன் என்று நம்பிக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த பெற்றோர் ஆகியோர் இந்தக் கேள்வியில் அடங்குவார்கள். இங்கே மறுதரப்புக்கே என் ஓட்டு. சாதாரணமாகக் கடினமான ஆட்டத்தில் தோற்றவர் இழப்பது வெற்றியை மட்டும். கப்ஹெட்டில் தோற்றவர், மாதக்கணக்கில் கையால் வரைந்த உருவங்களைப் பார்க்கும் வாய்ப்பையே இழக்கிறார். காக்னியின் கடைசி உருவத்தைச் சிம்பிளில் வெட்டியது சண்டையை எளிதாக்கியது உண்மை, ஆனால் வெட்டப்பட்டது ஓவியமும்தான். குண்டுகளை மட்டும் குறைத்து உருவங்களை விட்டுவைத்திருக்கலாம்.

மறுகோடியில் இருப்பவர்களுக்கு ரெகுலரே போதவில்லை. சாத்தானை வீழ்த்தியதும் எக்ஸ்பர்ட் நிலை திறக்கும். அதில் அடி வாங்காமல், வேகமாக, போதிய பேரிகளோடு முடித்தால் எஸ் என்ற மதிப்பெண். ஓடிச் சுடும் லெவல்களில் ஒருவரையும் கொல்லாமல் கடந்தால் பி மதிப்பெண், எல்லாவற்றிலும் அதைப் பெற்றால் ஆட்டம் முழுவதையும் கறுப்பு வெள்ளையில் பார்க்கலாம். பரிசாகக் கிடைப்பதும் ஒரு பழைய பட அனுபவம் என்பதைக் கவனிக்க வேண்டும். இங்கேயும் படத்துக்கான விலை கைத்திறன்தான்.

பயிற்சி மேடையில் ஒரு சண்டை

ஆட்டம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, ஜெர்மனியின் கேம்ஸ்காம் கண்காட்சியில் ஓர் அமெரிக்கச் செய்தியாளர் ஆடிய பதிவு வெளியானது. பயிற்சிப் பகுதியில் தாவி, காற்றில் டேஷ் செய்து, அதாவது விரைந்து பாய்ந்து, ஒரு தூணைத் தாண்ட வேண்டும். அவருக்கு அது வெகு நேரம் பிடிபடவில்லை. அவருடைய தோல்வி வேடிக்கையாகத்தான் வெளியிடப்பட்டிருந்தது. ஆனால் அது கேலிப் பொருளாகப் பரவி, ஆடத் தெரியாதவர் விமர்சனம் எழுதலாமா என்ற பெரும் சண்டையாக மாறியது. அதில் பலர் சண்டையிட்டது கப்ஹெட்டுக்காக அல்ல, சில ஆண்டுகளாகக் கனன்றுகொண்டிருந்த பத்திரிகையாளர் வெறுப்புக்காக. வெளிவரும் முன்பே கடினமான ஆட்டம் என்ற பெயரை நிலைநாட்டியது மட்டும் அந்தப் பதிவின் விளைவு. அப்போது கடினமான எந்த ஆட்டத்தையும் டார்க் சோல்ஸ் என்ற ஆட்டத்துடன் ஒப்பிடும் வழக்கம் இருந்தது. கப்ஹெட்டையும் அப்படி ஒப்பிட்டு, அந்த ஒப்பீடே கிண்டலாகிப்போனது. மெதுவாகச் சுற்றித் திரியும் அந்த ஆட்டத்துக்கும் இதற்கும் செத்துச் செத்துக் கற்பதைத் தவிர ஒற்றுமை குறைவு.

மற்ற குறைகள்

ஆறு ஓடிச் சுடும் லெவல்கள் பாஸ் சண்டைகளின் தரத்துக்கு வரவில்லை என்பதில் இரு கூட்டத்துக்கும் ஏறக்குறைய உடன்பாடு. கடையில் ஆயுதம் வாங்கப் பெரும்பாலான காசு அங்குதான் கிடைக்கும் என்பதால் தவிர்ப்பதும் எளிதல்ல. இருவர் சேர்ந்து ஆடுவது பற்றிய கருத்து வேடிக்கையானது: துணை இருந்தால் எளிதாகும் என்று நம்பி வருபவர்களுக்கு பாஸின் உயிரும் கூடியிருக்கும், திரையில் குழப்பமும் கூடியிருக்கும். செத்த கூட்டாளி ஆவியாக மேலே போகும்போது பேரி செய்து மீட்கலாம். அதற்காகத் தாவியே இரண்டாமவரும் சாவது வழக்கம்.

ஒரு விமர்சனம் வேறு திசையிலிருந்து வந்தது. 1930களின் அமெரிக்கக் கார்ட்டூன்கள் கறுப்பினத்தவரை இழிவாகக் காட்டியவை. அந்தப் பாணியை அன்போடு மீட்டெடுக்கும்போது அதன் வரலாற்றை ஒதுக்கிவிட முடியுமா என்று சில எழுத்தாளர்கள் கேட்டார்கள். பகடைத் தலையோடு ஆடிப் பாடும் சூதாட்ட விடுதி மேலாளனான கிங் டைஸில், பிளைஷர் படங்களில் தோன்றிய ஜாஸ் பாடகர் காப் கால்லோவேயின் சாயல் இருப்பதையும் சுட்டிக்காட்டினார்கள். கலைத்திறனை மட்டுமே எடுத்துக்கொண்டோம் என்பது உருவாக்கியவர்களின் நிலைப்பாடு. கடினம் பற்றிய சத்தத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை.

கூடுதல் தீவுக்குப் பிறகு

2022 பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸில் கப்ஹெட் தொடர் வந்தது. அதே ஆண்டு ஜூன் 30இல், பல முறை தள்ளிப்போடப்பட்ட தி டெலிஷியஸ் லாஸ்ட் கோர்ஸ் என்ற கூடுதல் பகுதி வெளியானது. புதிய பாஸ்களின் ஓவியம் முதல் ஆட்டத்தையும் விஞ்சியது என்று பொதுவாகப் பாராட்டினார்கள். துப்பாக்கியே இல்லாமல் பேரியை மட்டும் வைத்துச் சதுரங்கக் காய்களோடு போடும் சண்டைகள் சிலருக்குப் புத்துணர்ச்சி, சிலருக்குத் தலைவலி.

பெரிய மாற்றம் புதிய நாயகி மிஸ் சாலிஸ். அவளால் காற்றில் இரண்டாம் முறை தாவ முடியும், அடி படாமல் உருள முடியும், டேஷ் செய்தபடியே பேரி செய்ய முடியும். உயிரும் மூன்றுக்குப் பதில் நான்கு. பழைய பாஸ்களிடமும் அவளைக் கொண்டு போகலாம். முதல் தீவின் கல்லறை மண்டபத்தை முடித்தாலே படகு கிடைத்துவிடும் என்பதால், இரண்டாம் தீவில் மாட்டிக்கொண்டவர் புதிய தீவுக்குப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வரலாம். உருவாக்கியவர்கள் எளிய நிலை என்ற பெயரே வைக்காமல் எளிய நிலையைக் கொடுத்துவிட்டார்கள் என்று இதை வரவேற்றவர்கள் உண்டு. அவளை வைத்து வென்றது கணக்கில் சேராது என்று முறைப்பவர்களும் உண்டு. அவளுக்காகச் சிறப்புச் சக்தி தரும் தாயத்துக்கான இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், அதனால் டேஷ் செய்யும்போது புகையாய் மறையும் வசதி போய்விடும். பழகிய கைகள் பல அந்தப் புகையை விட மனமில்லாமல் கப்ஹெட்டுடனேயே நின்றுவிட்டன. சிம்பிள் நிலையின் பூட்டு மட்டும் கழற்றப்படவில்லை.