பட்டியலில் இல்லாத ஊர்

பழமையைக் காப்பாற்றுவது என்றதும் நம் கண்ணுக்குக் கட்டிடம்தான் தெரிகிறது. ராயபுரம் ரயில் நிலையம் ஒரு சான்று. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட இடம். வெகுகாலம் சிதைந்து கிடந்து 2005-ல் புதுப்பிக்கப்பட்டது. அதற்குத் தூண்கள் இருந்தன. திருவொற்றியூரிலோ கல்வெட்டு இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கல் விமானம் எழுப்பிய ரவி என்ற வீரசோழத் தச்சனின் பெயர்கூட அங்கே நிற்கிறது.

மாத்தூருக்கு என்ன இருக்கிறது? ஓர் ஏரி. பக்கத்து மணலியில் 1969-ல் ஓடத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. அதன்பின் வந்த தொழிற்சாலைகள். பெருநகர வளர்ச்சிக் குழுமம் மனை பிரித்தது. குழுமத்தின் சுருக்கப்பெயர் ஊரோடு ஒட்டிக்கொண்டு 'மாத்தூர் எம்.எம்.டி.ஏ.' ஆயிற்று. மெட்ராஸ் சென்னையானதும் குழுமம் பெயரை மாற்றிக்கொண்டது, ஊர் மாற்றிக்கொள்ளவில்லை.

நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 400க்கு மேற்பட்ட கட்டிடங்களைக் காக்கச் சொல்லி 2010-ல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறுப்பு வந்து சேர்ந்ததும் இதே குழுமத்திடம்தான். ஊரை மனையாக்கிய கையே பாரம்பரியத்தையும் தரம் பிரிக்கிறது.

எதை முதலில்? அழகானதை, பழையதை என்பது சுலபமான பதில். திரும்பச் செய்ய முடியாததை என்பது என் பதில். இடிந்த சுவரை அளவு பார்த்து மறுபடி எழுப்பலாம். ஏரிக்கு நீர் வந்த வாய்க்கால் எது, கலங்கல் எங்கே என்று சொல்லத் தெரிந்த கடைசி மனிதர் போய்விட்டால், ஏரி வெறும் பள்ளம். பள்ளத்தைத் தூர்ப்பதற்கு யாரும் ஆட்சேபிக்கப் போவதில்லை.