தொலைபேசிக்கு வணிகர் தந்த விலை

தொலைபேசிக்கு நாம் கொடுத்த விலை எவ்வளவு? கட்டணச் சீட்டு மட்டும் இதற்கு விடை கூறாது. காத்திருந்த காலத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

நாம் பிழைப்புத் தேடி வந்த பெங்களூரின் தூரவாணி நகரில் 1948-ஆம் ஆண்டு இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. நாட்டின் பல பாகங்களுக்கும் இங்கிருந்தே கருவிகள் சென்றன. ஆயினும் இந்நகரின் சிறு வணிகரும் இணைப்புக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். பெருந்தொகையை முன்வைப்பாகச் செலுத்த வல்லவர் முந்திக்கொண்டனர்.

சேலத்துக்கோ சென்னைக்கோ பேசுவதாயின் 'டிரங்க் கால்' பதிவு செய்தல் வேண்டும். 'அர்ஜென்ட்' அழைப்புக்கு இருமடங்கும், 'லைட்னிங்' அழைப்புக்கு எண்மடங்கும் கட்டணம். சந்தை விலை மாறுமுன் செய்தி எட்டவேண்டுமெனில் வேறு வழி ஏது? மூன்று நிமிடத்தில் பேச்சை முடிக்கும் சுருக்கம் நமக்கு அவ்வாறே பழக்கமாயிற்று.

1980-களின் பிற்பகுதியில் எஸ்.டி.டி. கடைகள் பெருகின. இரவு முதிர்ந்தால் கட்டணம் குறையும். ஆகவே கடையடைத்த பின்னரும் நம்மவர் வரிசையில் நின்றனர். 2006 மார்ச் முதல் நாள் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் 'ஒன் இந்தியா' திட்டத்தில், நாட்டின் எம்மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றாயிற்று.

தூரத்தின் விலை ஒழிந்தது. இணைப்பின்றிக் காத்திருந்த வணிகர் இழந்த வியாபாரமோ எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.