தந்த சிம்மாசனமும் தந்தக் கட்டைப் பியானோவும்

1851ஆம் ஆண்டு லண்டன் கண்ணாடி மாளிகையில் நடந்த உலகப் பொருட்காட்சியில் நம்ம திருவிதாங்கூர்ப் பொருள் ஒன்று இருந்தது. சுவாதித் திருநாளின் தம்பி உத்திரம் திருநாள் மகாராஜா, விக்டோரியா ராணிக்கு அனுப்பிய தந்த சிம்மாசனம் அது. அதே கூரையின் கீழ் பிரான்சின் எரார், இங்கிலாந்தின் பிராட்வுட், அமெரிக்காவின் சிக்கரிங் முதலிய கம்பெனிகளின் பியானோக்களும் பரிசுக்குப் போட்டியிட்டன. அக்காலத்து உயர்ந்த பியானோக்களில் வெள்ளைக் கட்டைகளின் மேலே ஒட்டியதும் யானைத் தந்தமே.

இவற்றுள் எது உசத்தி? பியானோவுக்கான தலையாய பதக்கம் எராருக்குப் போனது. கட்டை முழுக்க மேலே எழும்பும் முன்னரே மறுபடி தட்டி ஒலியெழுப்பும் இயக்கத்தை அந்தக் கம்பெனி 1821இலேயே கண்டிருந்தது. நியூயார்க்கில் 1853இல் தொடங்கிய ஸ்டைன்வே, 1859இல் கிராண்ட் பியானோவின் தந்திகளைக் குறுக்காக ஒன்றின்மேல் ஒன்று போகவிட்டு நாதத்தைப் பெருக்கியது. 1867 பாரிஸ் பொருட்காட்சியில் ஸ்டைன்வே, சிக்கரிங் இரண்டுமே தங்கப் பதக்கம் பெற்றன.

ஆனால் பதக்கம் நாதத்தைச் சொல்லும், ஆயுளைச் சொல்லாது. சிம்மாசனம் சும்மா நின்றால் போதும். பியானோ அப்படியல்ல. இருநூறுக்கும் மேற்பட்ட தந்திகள் சேர்ந்து ஏறத்தாழ 20 டன் விசையோடு அதை இரவுபகலாக இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மரச்சட்டம் அதைத் தாங்காது என்றுதான், சிக்கரிங் 1843இல் ஒரே வார்ப்பான இரும்புச் சட்டத்துக்கு உரிமை வாங்கினார். பின்னால் எல்லாரும் அவ்வழிக்கே வந்தனர்.

இரும்பு இழுவையை வென்றது; ஈரத்தை வெல்லவில்லை. இடவப்பாதி மழையில் நாதப்பலகை நீர் உறிஞ்சி உப்பும், சுருதி ஏறும். வேனலில் சுருங்கும், சுருதி இறங்கும். பசை விட்டுப்போகும், கம்பளியைப் பூச்சி அரிக்கும். இதையறிந்த ஆங்கிலக் கம்பெனிகள் வெப்ப நாடுகளுக்கென்றே தேக்கு மரத்தில், பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணியும் முடுக்கித் தனியாகச் செய்து அனுப்பின. ஆகவே நம்ம ஊருக்கு வாங்குகிறவர் பெயர்ப்பலகையைப் பார்த்தால் மட்டும் போதாது. மரத்தையும் மூட்டையும் பார்க்கணும், வைக்கிற அறையின் ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கணும்.

1989இல் உலக நாடுகள் கூடித் தந்த வாணிகத்துக்குத் தடை விதித்தன. இன்று கட்டைகளின் மேலே இருப்பது பிளாஸ்டிக். அதனால் நாதம் எள்ளளவும் குறையவில்லை, ஏனெனில் தந்தம் விரலுக்கும் கண்ணுக்குமே அன்றி ஒலிக்கு என்றும் தேவைப்பட்டதில்லை. அஹிம்சையை முதல் விரதமாகக் கொண்ட எங்கள் சமணர் கண்ணுக்கு, எந்தப் பதக்கத்தையும்விட இதுவே பெரிசாகத் தெரிகிறது. அத்தனை யானைகளும் வீணாகத்தான் மாண்டன.