வார்டியன் பெட்டி

மரச்சட்டத்தில் கண்ணாடி பொருத்தி, இடுக்குகளை அடைத்துச் செய்யப்பட்ட செடிப்பெட்டி. மண்ணிலிருந்தும் இலைகளிலிருந்தும் ஆவியாகும் நீர் கண்ணாடியின் உட்புறத்தில் துளியாகித் திரும்பவும் மண்ணில் இறங்குவதால், உள்ளே ஈரப்பதம் ஏறக்குறைய நிலையாக இருக்கும்.

கண்ணாடி போன்ற ஒளிபுகு தடுப்புக்குள் பயிர் வளர்ப்பது பழைய வழக்கம். ரோமப் பேரரசர் டைபீரியசுக்காக ஒளிபுகு கல் மூடிய பாத்திகளில் வெள்ளரி வளர்க்கப்பட்டதாகப் பிளினி எழுதியுள்ளார். 15ஆம் நூற்றாண்டுக் கொரியாவில், தரைக்கு அடியில் சூடேற்றி எண்ணெய்த் தாள் வேய்ந்த அறையில் குளிர்காலக் காய்கறி விளைந்தது.

லண்டன் மருத்துவர் நத்தானியல் பாக்ஷா வார்டு (1791–1868) வெல்குளோஸ் சதுக்கத்தில் வாழ்ந்தவர். அவர் வளர்க்க முயன்ற பெரணிகள் ஆலைப்புகையில் கருகின. 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணில் வைத்து ஒரு குப்பியில் மூடினார். பூச்சிக்காகக் காத்திருந்தவரின் கண்ணில் பட்டவை, மண்ணில் முளைத்த ஒரு பெரணியும் ஒரு புல்லும். தண்ணீர் ஊற்றாமலே அவை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பிறகே அழிந்தன.

1833இல் பெரணிகளும் புற்களும் நிறைந்த இரு பெட்டிகளைக் கேப்டன் சார்லஸ் மல்லார்டிடம் ஒப்படைத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார். செடிகள் நலமாகச் சேர்ந்தன. திரும்பி வந்த பயணமே கடினமான சோதனை. 1834 பிப்ரவரியில் சிட்னியில் பெட்டிகளில் செடி நட்டபோது வெப்பம் 32 முதல் 38 பாகை செல்சியசு. கேப் ஹார்ன் முனையில் அது உறைநிலைக்கும் ஏழு பாகை கீழே இறங்கியது. கப்பல் தளத்தில் ஓரடிப் பனி கிடந்தது. நிலநடுக்கோட்டைக் கடக்கையில் 49 பாகை வரை ஏறியது. இடையில் ஒருமுறைகூட நீர் வார்க்காத அச்செடிகள், எட்டு மாதத்துக்குப் பின் லண்டனைப் பசுமையாகவே அடைந்தன. வார்டு தம் முறையை 1842இல் நூலாக வெளியிட்டார். 1845இல் கண்ணாடி வரி நீங்கியதும் பெட்டி இங்கிலாந்து வீடுகளின் வரவேற்பறைகளுக்குள்ளும் நுழைந்தது.

இம்முறையை முதலில் கண்டவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஸ்காட்லாந்தின் ஆலன் மக்கோனோக்கி 1820களிலேயே கண்ணாடிக்குள் செடி வளர்த்ததாகக் கூறப்படுகிறது. அவர் எதையும் அச்சிடாததால் பெயர் வார்டுக்கே நிலைத்தது.

தாவரச் சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனத் தேயிலையை இமயமலைச் சரிவுகளுக்குக் கொண்டுவந்தது இப்பெட்டிகளில்தான். ஈரத்தைக் காக்கும் பெட்டியால் வெப்பத்தைத் தடுக்க முடியவில்லை என்பதை நீலகிரி காட்டியது: 1860இல் கிளமென்ட்ஸ் மார்க்கம் கொண்டுவந்த, கொய்னா மருந்து தரும் சின்கோனாச் செடிகள் செங்கடல் வெக்கையில் நலிந்து, ஊட்டி வந்தும் பிழைக்கவில்லை. மறு ஆண்டு ராபர்ட் கிராஸ் கொண்டுவந்தவற்றில் 400க்கும் மேற்பட்டவை உயிரோடு சேர்ந்தன. 1876இல் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சுமார் 1,900 ரப்பர் நாற்றுகள் 38 பெட்டிகளில் இலங்கைக்குச் சென்றன. பெரும்பாலானவை பிழைத்து ஹெனரத்கொட தோட்டத்தில் வேரூன்றின. ஆனால் பெட்டிகளில் செடியுடன் வந்த மண், பூச்சிகளையும் நோய்களையும் கடல் கடக்கச் செய்தது.

விமானப் போக்குவரத்தும் நெகிழிப் பைகளும் வந்தபின் பெட்டியின் பயன்பாடு குன்றியது. கியூ தோட்டம் 1962இல் இதைக் கைவிட்டது. உலகை வலம்வந்த அப்பெட்டிகளுள் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன.